கூரையை அறுத்த பிள்ளை

சென்ற மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று, ஏனையவற்றை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு அதனையே இருமுறை படிக்கச் செய்தது. எழுதியவர் வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அன்பர். பதினைந்து வயது நிரம்பிய ஒரு மகனுக்குத் தந்தை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த தாய்மாமன், மருமகனுக்கென ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தாராம். 1949ஆம் ஆண்டு வெளிவந்த மேர்க்குரி என்னும் அமெரிக்க மோட்டார் வண்டியின் மாதிரியுரு, சிறு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளாக அப்பெட்டியினுள்ளே கிடந்தது. பையன் இரண்டு வாரம் ஊண் உறக்கம் மறந்து அதனோடிருந்தான். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் தந்தையார் அறையினுள்ளே எட்டிப் பார்த்தபோது, இரும்பு அறுக்கும் வாளின் உடைந்த துண்டொன்றினால் அப்புது வண்டியின் கூரையை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தான்! “காசு பெறுமதியான பொருளைப் பழுதாக்குகிறாயே” என்று அதட்டியதற்கு, “அப்பா, இது இப்பிடித்தான் செய்யிறது” என்று விடை சொன்னானாம். இப்பொழுது பெட்டி அலுமாரியினுள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. பையன் முகங்கொடுத்துப் பேசுகிறானில்லை. வரும் ஆண்டில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை. “இது பொழுதுபோக்கா, பைத்தியமா? தாங்கள்தாம் சொல்லவேண்டும்” என்று கடிதம் முடிகிறது.

உண்மையை ஒளிப்பதிற் பயனில்லை. முதன்முறை படித்தபோது நாம் தந்தையாரின் பக்கமே சாய்ந்தோம். பரீட்சையை முன்னே வைத்துக்கொண்டு விளையாட்டுக் காருக்குக் கூரை அறுக்கும் பிள்ளையைக் கண்டு மகிழும் ஆசிரியர் எவருமிலர். இரண்டாம்முறை படித்தபோதோ, பையன் கூறிய அச்சிறு விடை எம்மை உறுத்தியது. “இது இப்பிடித்தான் செய்யிறது” என்று சொல்லுகிறவன் குறும்பினாற் சொல்லுகிறானல்லன். எங்கோ ஒரு வழக்கத்தைக் கண்டறிந்து சொல்லுகிறான். ஆகவே நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் தேடத் தொடங்கினோம். தேடிக் கண்டவை யாவும் பையனின் கட்சியையே வலுப்படுத்தின. வேறு எந்த வண்டியையும் அறுக்காது விடலாம். 1949ஆம் ஆண்டு மேர்க்குரியைக் கையிற் பெற்ற ஒருவன் அதன் கூரையை அறுக்காதிருந்தாற்றான் வியப்பு.

மேர்க்குரி என்பது, தமது மலிவான போட் வண்டிக்கும் விலையுயர்ந்த லிங்கன் வண்டிக்கும் நடுவே நிற்பதற்கென்று போட் கம்பனியார் 1938இல் அறிமுகஞ் செய்த பெயர். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அப்பெயர் வழக்கொழிந்தது. போருக்கு முந்திய வண்டிகளில் நாற்புறத்து மட்காட்டுகளும் உடலினின்று பிரிந்து வீங்கி நிற்கும். 1949ஆம் ஆண்டு மேர்க்குரியிலோ அவை பக்கங்களோடு கலந்து, பலநாள் தேய்த்த சவர்க்காரக் கட்டிபோன்று உருண்டு திரண்ட ஒரே உருவமாயின. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 118 அங்குலம்; முழு நீளம் ஏறக்குறைய 207 அங்குலம். இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், மேசையில் நிற்பது எட்டேகால் அங்குல நீளமுள்ள ஒரு பொருள். 1955இல் வெளியான ஒரு திரைப்படத்தில் ஜேம்ஸ் டீன் என்னும் இளநடிகர் இத்தகைய மேர்க்குரி ஒன்றைச் செலுத்தி வந்தார். படம் வெளிவருமுன்னரே வேறொரு வண்டி விபத்தில் அவர் இறந்துபோகவே, இவ்வண்டியின் உருவம் அமெரிக்க இளைஞரின் மனத்திற் பதிந்துவிட்டது.

ஆயினும் இவ்வண்டிக்கு ஒரு குறை உண்டு. உடல் தாழ்ந்து நீண்டு கிடக்க, அதன்மேலே கூரை மட்டும் பெரியவர் தொப்பிபோல உயர்ந்து நிற்கும். அக்குறையைக் கண்டு வாளெடுத்தவர் பலர். அவருள் முதன்மையானவர் கலிபோர்ணியாவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அண்மையிலுள்ள லின்வூட் என்னுமிடத்தில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த ஜோர்ஜ் பாறிஸ், சாம் பாறிஸ் என்னும் சகோதரர். ஜோர்ஜ் வாய்வல்லவர், விளம்பரம் அறிந்தவர், சாம் கைவல்லவர். சாம் தம் சொந்த மேர்க்குரியின் கூரைத் தூண்களை அறுத்து, இடையிலே சில அங்குலத்தை நீக்கி, கூரையைக் கீழே இறக்கி மீண்டும் ஒட்டவைத்தார். 1952இல் பொப் ஹிரோஹாட்டா என்பவர் தமது 1951ஆம் ஆண்டு மேர்க்குரியை இவர்களிடம் ஒப்படைத்தார். கூரை தாழ்ந்தது, நடுத்தூண் மறைந்தது, பக்கங்களில் பியூக் வண்டியின் பளபளக்கும் பட்டி ஏறியது, மேலே வெளிறிய பச்சையும் கீழே கடும்பச்சையும் பூசப்பட்டன. அமெரிக்காவில் மாற்றியமைத்த வண்டிகளின் வரலாற்றிலே இதற்கிணையாகப் பேசப்படும் வண்டி வேறொன்றில்லை என்னலாம்.

ஹிரோஹாட்டாவின் வண்டிக்குப் பின்னர் நேர்ந்தது எம் வாசகருள் மாணவராயுள்ளோர் அறியத்தக்கது. நாகரிகம் மாறிற்று, வண்டி கைமாறிக் கைமாறிப் பழையகார் விற்போர் வளவை அடைந்தது. 1959இல் அதனை 500 டொலருக்கு வாங்கியவன் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். அவன் அதனைப் பல தசாப்தங்கள் தன்னிடமே வைத்திருந்து, முதியவனாகுமுன் பழைய வண்ணத்திலேயே திருத்தி எடுத்தான். அவன் மறைந்தபின், 2022ஆம் ஆண்டு ஏலத்தில் அவ்வண்டி பத்தொன்பது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. இவ்விலையை நாம் இங்கே கூறுவது தந்தையாருக்கு ஆசையூட்டவன்று. பிளாஸ்ரிக் மேர்க்குரி அவ்விலை போகாது.

இனி, அறுப்பதிலே என்ன வித்தை இருக்கிறது என்று கேட்கலாம். நாமும் அவ்வாறே எண்ணினோம். நான்கு தூண்களிலும் சமமாக ஒவ்வொரு துண்டை வெட்டி நீக்கிவிட்டுக் கூரையைக் கீழே வைத்தால் முடிந்ததன்றோ? ஐயத்தைத் தீர்க்கச் சப்பாத்துப் பெட்டி மட்டையிலே ஒரு வண்டியின் மேற்பாகத்தைச் செய்து நாமே வெட்டிப் பார்த்தோம். கூரை பொருந்தவில்லை! காரணம் பத்தாம் வகுப்புக் கேத்திரகணிதத்திலேயே இருக்கிறது. முன் கண்ணாடியைத் தாங்கும் தூண் மேலே செல்லச்செல்லப் பின்புறமாகச் சாய்கிறது. பின்தூணோ மேலே செல்லச்செல்ல முன்புறமாகச் சாய்கிறது. வண்டியின் மேற்பாகம் நிலத்தில் அகன்று உச்சியிற் குறுகும் ஒரு சரிவகம். அதன் நடுவே ஒரு கீற்றை நீக்கினால், மேலே எஞ்சுவதன் அடி, கீழே எஞ்சுவதன் தலையைவிடக் குறுகியதாயிருக்கும். உண்மை வண்டியில் நாலங்குலம் தாழ்த்துவதாயின், இருபத்தைந்தில் ஒரு பங்கான மாதிரியில் அது 4 மில்லிமீற்றர். முன்தூணின் சாய்வு 45 பாகையாயின், முன்னே 4 மில்லிமீற்றர் இடைவெளி விழும்; பின்தூண் அதனினும் படுத்துக் கிடப்பதால் அங்கே இடைவெளி இன்னும் பெரிதாகும்.

இதனைத் தீர்க்கும் வழி ஒன்றன்று. கூரையையே குறுக்கே அறுத்து இரண்டாக்கி, நடுவே ஒரு கீலம் பிளாஸ்ரிக் தகட்டை வைத்து நீட்டலாம். தூண்களை அடியிலே சற்று வெட்டி மேலும் சாய்த்துப் பொருத்தலாம். பின்கண்ணாடியை அதன் சட்டத்தோடு தனியே அறுத்தெடுத்து, சாய்வை மாற்றி வைத்து, இடையிலுள்ள வெளியை நிரப்பலாம். வழி எதுவாயினும், ஒரு வெட்டு அடுத்த மூன்று வெட்டுகளைக் கட்டாயமாக்கும். கூரை தாழ்ந்தாற் கண்ணாடியுந் தாழவேண்டும், கண்ணாடி தாழ்ந்தால் உள்ளேயிருக்கும் ஆசனத்தின் முதுகும் செலுத்து சில்லும் தாழவேண்டும். அறுக்கத் தொடங்குமுன் கடைசிவரை எண்ணிப் பாராதவன் நடுவழியில் நிற்பான். வடமராட்சிப் பிள்ளை எண்ணிப் பார்த்தானோ என்பது எமக்குத் தெரியாது. கடிதத்தில் தந்தையார் அதைக் கேட்டதாக இல்லை.

பாறிஸ் சகோதரர் காலத்தில் இடைவெளிகளையும் ஒட்டுகளையும் மறைக்க உருக்கிய ஈயத்தை மரத் துடுப்பினாலே தடவி அராவுவர். அதனால் அவ்வண்டிகளுக்கு ‘ஈயச் சறுக்குவண்டி’ என்ற கேலிப்பெயரும் ஏற்பட்டது. மேசையிலே மாதிரி செய்யும் பிள்ளைக்கு ஈயம் வேண்டியதில்லை. துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டக் கம்பியை வீசிவிடாமல் நறுக்கிப் பசையிலே ஊறவைத்தால் அது கரைந்து குழம்பாகும். அதனைப் பூசிக் காயவிட்டு மண்கடதாசியால் தேய்த்தால் ஒட்டு இருந்த இடமே தெரியாது. பழைய அமெரிக்கப் பையன்கள் பலர் இப்படித்தான் செய்தனர். காயுமுன் தேய்த்தவர் சிலநாளில் அவ்விடம் குழிவிழக் கண்டு வருந்தினர். ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் பொறுமை இவ்வித்தையின் பெரும்பகுதி போலும்.

இம்மாதிரிப் பெட்டிகள் எங்ஙனம் தோன்றின என்பதும் சுவையான கதையே. எம் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கென்று ஒரு பருவத்தையே வகுத்துப் பிள்ளையை வேண்டிநின்றனர். டெற்றோயிற் நகரத்து வணிகர் வேண்டியது பிள்ளையை அன்று, பிள்ளையின் தகப்பனை. போர் முடிந்தபின், புதுவண்டி விற்கும் கடைகளில் அவ்வண்டியின் உருவத்தையே இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்து, தொழிற்சாலை பூசும் அதே நிறங்களில் வைத்திருந்தனர். வண்டி பார்க்க வந்த தகப்பனின் பிள்ளை அதனைக் கையிலேந்திக்கொண்டு வீடு செல்லும். பின்பு அவ்வீட்டிலே அப்பேச்சே நடக்கும். இவ்வுருக்களைச் செய்தவருள் ஒருவர் டெற்றோயிற் வழக்கறிஞர் ஒருவர் 1948இல் நிறுவிய கம்பனியார். முதலிலே அலுமினியத்தில் வார்த்தமையால் ‘அலுமினியம் மொடல் ரோய்ஸ்’ என்று பெயரிட்டு, பின்பு பிளாஸ்ரிக்குக்கு மாறியபோது முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏ.எம்.ரி. ஆயினர். அக்காலத்து உருக்கள் செலுலோசு அசற்றேற்று என்னும் பொருளால் ஆனவை. ஆண்டுகள் சிலவற்றில் அவை வெயிலிற் கிடந்த பனையோலைபோல் முறுகிப்போயின. இன்று நூதனசாலைகளிலும் சேகரிப்போர் வீடுகளிலும் உள்ளவற்றுட் பல, முதுகு வளைந்தே நிற்கின்றன. பின்னர் வந்த பொலிஸ்ரைரீன் அவ்வாறு முறுகுவதில்லை.

இதற்கிடையே கலிபோர்ணியாவின் றெவெல் கம்பனியார், 1950களின் தொடக்கத்திலே, பழங்காலத்து மோட்டார் வண்டிகளைத் துண்டுதுண்டாகப் பெட்டியிலிட்டு விற்று, ஒட்டும் வேலையைப் பிள்ளையிடமே விட்டனர். ஏ.எம்.ரி.யார் 1958இல் ஒருபடி மேலே சென்றனர். அவ்வாண்டுப் புதுவண்டியின் உருவத்தைத் துண்டுகளாக்கி ஒரு பெட்டியிலிட்டு, அதனோடு மூன்று வகைப் பாகங்களையும் சேர்த்தனர். தொழிற்சாலையில் வந்தபடியே கட்டலாம். அலங்கார வண்டியாக மாற்றிக் கட்டலாம். பந்தய வண்டியாகவும் கட்டலாம். எதைச் செய்வதென்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தீர்ப்பு. ‘ஒன்றில் மூன்று’ எனப்பட்ட அப்பெட்டி பெருவெற்றி பெற்றது. ஜோர்ஜ் பாறிஸ் போன்ற பட்டறைக்காரரையே கம்பனியார் ஆலோசகராக வைத்துக்கொண்டனர். பெரியவர்கள் இரும்பிலே செய்த மாற்றங்கள் பிள்ளைகளின் பெட்டியினுள்ளே வந்தமை இவ்வாறுதான்.

எல்லாப் பெட்டிகளிலும் எம்மைக் கவர்ந்தது பளபளக்கும் பாகங்களின் தட்டு. பம்பர், விளக்கு வளையம், சில்லுமூடி ஆகியவை வெள்ளிபோல் ஒளிர்கின்றன. அது குரோமியமன்று. காற்று நீக்கிய பாத்திரமொன்றினுள்ளே அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்க, அவ்வாவி குளிர்ந்து பிளாஸ்ரிக்கின்மேல் மிக மெல்லிய படையாகப் படிகிறது. விஞ்ஞான மாணவர் இதனை ஆய்வுகூடத்திற் காண வாய்ப்பில்லாவிடினும் மேசையிலே காணலாம். திறமையுள்ளவர்கள் அவ்வளவிலே நில்லாது, எஞ்சினின் எட்டுத் தீப்பொறிச் செருகிகளுக்கும் தையல்நூல் போன்ற கம்பி இழுத்து விடுகின்றனர். அவ்வெட்டும் எந்த ஒழுங்கில் எரியும் என்று அறிந்து அவ்வொழுங்கிலேயே கோக்கின்றனர். மூடியைத் திறந்து பார்ப்பவர் நூற்றில் இருவர்கூட இலர். ஆயினும் கோக்கின்றனர்.

இதுவரை கூறியது வணிகம். இதனினும் மேலான ஒன்று அந்நாட்டில் நடந்தது. கல்வியோடு தொடர்புடையோர் அதனை அறிதல் வேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் இப்பொருளை எடுத்தோம். ஜெனறல் மோட்டோர்ஸ் கம்பனியின் உடலாக்கப் பிரிவான பிஷர் நிறுவனத்தார் 1930ஆம் ஆண்டு சிறுவர் கைவினைஞர் கழகம் ஒன்றை நிறுவினர். நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியிற் சிக்கிய காலம் அது. கழகத்திற் சேர்ந்த பையன், நெப்போலியன் காலத்து அரசவைக் குதிரைவண்டி ஒன்றின் சிற்றுருவைக் கொடுத்த வரைபடத்தின்படி தானே செய்யவேண்டும். மரம் செதுக்கவும், உலோகம் வார்க்கவும், தையல் தைக்கவும், வண்ணம் தீட்டவும் ஒருவனே அறிந்திருக்கவேண்டும். பெட்டியில் ஆயத்தமாக எதுவும் வராது. 1937 முதல், தானே கற்பனைசெய்து வரைந்த மோட்டார் வண்டியைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்யவும் இடமளித்தனர். போருக்குப் பின்னர்க் குதிரைவண்டி கைவிடப்பட்டு மோட்டார் வண்டி மட்டுமே நிலைத்தது. பரிசு என்னவெனில், பல்கலைக்கழகத்திற் படிப்பதற்கான புலமைப்பரிசிற் பணம். தேசிய அளவில் வென்றவனுக்கு அது ஆயிரக்கணக்கான டொலர்.

நாட்டுப்புறத்து வீடொன்றின் நிலவறையிலே, பண்ணை வேலை முடித்துவந்து, ஒரு மரக்கட்டையைப் பல மாதம் செதுக்கிக்கொண்டிருந்த பையனுக்கு அது எத்தகைய வாயில் என்பதை எண்ணிப் பாருங்கள். வாய்பாடு ஒப்புவிக்கத் தெரியாதவனும் அவ்வாயிலாற் புகுந்தான். 1947இல் முதற்பரிசாக 4,000 டொலர் பெற்றவர் சாள்ஸ் ஜோர்டன் என்னும் இளைஞர். அவர் பின்பு ஜெனறல் மோட்டோர்சிலேயே சேர்ந்து, 1986இல் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறை முழுமைக்கும் தலைவராயினார். அவரன்றி, அந்நாட்டு மோட்டார் வடிவமைப்பாளர் வேறு பலரும் இக்கழகத்திலே முதலில் உளி பிடித்தவர்கள்.

கழகத்தைப் புகழ்ந்தே போவதற்கும் எமக்கு மனமில்லை. நிறுவனத்தார் தருமஞ் செய்ய இறங்கியவர்களல்லர். நல்ல கையுள்ள பையன்களைத் தேடிக்கொள்வதும், அவர்கள் வீட்டார் நெஞ்சில் தம் பெயரைப் பதிப்பதும் அவர் நோக்கம். பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமேயில்லை. முப்பத்தெட்டு ஆண்டும் அவ்விதியை மாற்றினாரில்லை. எம் வகுப்பிலே மிகத் திருத்தமாக வரைபடம் வரைபவள் ஒரு மாணவி. அவள் அங்கே பிறந்திருந்தால் விண்ணப்பப் படிவமும் கிடைத்திராது. 1968இல் கழகம் மூடப்பட்டது. மூடாமல் விதியைத் திருத்தியிருந்தாற் பெருநன்மையாயிருந்திருக்கும் என்பது எம் கருத்து.

பெட்டி மாதிரிகளின் வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. தந்தையார் கேட்காவிடினும் கூறுவது எம் கடன். பொலிஸ்ரைரீனை ஒட்டும் பசை, உண்மையில் ஒட்டுவதில்லை. அதிலுள்ள கரைப்பான் இரு துண்டுகளின் விளிம்பையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டு, ஆவியாய்ப் போய்விடுகிறது. அக்காலத்துப் பசைகளில் இருந்த கரைப்பான் தொலுயீன். அவ்வாவியை வேண்டுமென்றே முகர்ந்து மயக்கமுறும் தீயபழக்கம் 1960களில் அமெரிக்கச் சிறுவரிடையே பரவிற்று. மூளைக்கும் உயிருக்கும் கேடு விளைந்தது. நகரசபைகளும் மாநிலங்களும் சட்டமியற்றின. 1969இல், பசை செய்யும் டெஸ்ற்றர் கம்பனியார் ஓர் எளிய உபாயங் கண்டனர். பசையிலே கடுகெண்ணெயின் காரச்சத்தைச் சிறிது கலந்துவிட்டனர். கடுகு தாளிக்கும் சட்டியருகே மூக்கை நீட்டியவர் எவரும் அதன் பயனை அறிவர். ஒட்டுவோனுக்குத் தொல்லையில்லை, முகர்வோன் கண்ணீரோடு எழுந்தோடுவான். எப்பசையாயினும் சன்னல் திறந்த அறையிலே, பெரியவர் வந்துபோகும் இடத்திலே பயன்படுத்துதல் வேண்டும். பூட்டிய அறை ஆகாது. வடமராட்சி வீட்டில் அறைக்கதவு சாத்தியிருந்ததாகக் கடிதம் கூறுகிறது. எமக்குக் கூரையைவிட அதுவே கவலை தருகிறது.

வாசகர் பலர் அறியாத மற்றொன்று, இம்மாதிரிகளுட் பல ஏன் அருமையாயின என்பது. உருக்கு அச்சு வெட்டுவது பெருஞ்செலவு. டெற்றோயிற் கம்பனிகள் ஆண்டுதோறும் வண்டியின் முகத்தையும் வாலையும் மாற்றின. மாதிரி செய்வோரும் புது அச்சு வெட்டாமல், சென்ற ஆண்டின் அச்சையே சுரண்டி நிரப்பி இவ்வாண்டு வண்டியாக்கினர். எனவே ஓர் ஆண்டின் உருவம் அடுத்த ஆண்டு பிறக்கும்போதே அழிந்தது. அச்சு இல்லை, ஆகவே மீண்டும் வார்க்க வழியில்லை. அண்மைக்காலத்திலே, எஞ்சிய பழைய உருக்களை அளந்து சிலவற்றுக்குப் புதிதாக அச்சு வெட்டி விற்கின்றனர். எல்லாவற்றுக்கும் அப்பேறு கிட்டவில்லை.

ஆதலால், அன்று பத்து வயதில் பசையை அள்ளிப்பூசிக் கட்டிய உருவைத் தேடி இன்று முதியவர் பலர் அலைகின்றனர். பழைய உரு கிடைத்ததும் முதல் வேலை, அதனைக் கழற்றுவது. குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் ஓரிரவு வைத்தாற் பழைய ஒட்டுகள் சில தாமே விட்டுக்கொடுக்கும். தடித்த வண்ணத்தைக் கரைசலில் ஊறவைத்துப் பழைய பற்தூரிகையால் உரித்தெடுப்பர். வண்ணம் கழன்றபின் கூரையிலே சிலவேளை ஒரு சிறுவனின் பெருவிரல் ரேகை, பசையில் அமிழ்ந்தபடியே இருக்கும். அதனைத் தேய்த்து நீக்குவோரும் உளர். கையெடுத்து வைத்துவிடுவோரும் உளர். எவ்வளவு கெட்ட உருவாயினும் அவர்கள் வீசுவதில்லை. ஒன்றின் கதவு மற்றொன்றின் கதவாகும்.

இனித் தந்தையாருக்கு. பெட்டியை அலுமாரியினின்று எடுத்துவிடுங்கள். எந்நேரமும் என்று சொல்லவில்லை. ஞாயிறு பிற்பகலில் இரண்டு மணிநேரம், கூடத்து மேசையில், சன்னலண்டையிலே செய்யட்டும். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதமும் பெட்டி திரும்ப அலுமாரிக்குப் போகட்டும். அதனைப் பூட்டும் திறப்பு அவன் கையிலேயே இருக்கட்டும். “ஏன் அறுத்தாய்?” என்று ஒருமுறை, அதட்டாமல், கேட்டுப் பாருங்கள். அவன் காட்டும் படத்தையும் பாருங்கள். அறுபட்ட துண்டுகளுள் ஒன்றையும், மயிர்க்கனத்ததாயினும், தாயார் கூட்டித் தள்ளிவிடாதபடி சொல்லி வையுங்கள்.

தம்பிக்கும் இரண்டு வார்த்தை. மாமா தந்த பொருளை அறுக்குமுன் அப்பாவிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லாதது பிழை. இனி வேலைக்கு வருவோம். கூரையை ஒட்ட அவசரப்படாதே. ஒட்டும்நாடாவினால் நான்கு தூண்களையும் தற்காலிகமாக இணைத்து நிறுத்தி, முன்னும் பின்னும் எத்தனை மில்லிமீற்றர் குறைகிறதென்று அளந்து எழுதிக்கொள். முதலில் மட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டே பிளாஸ்ரிக்கில் கைவை. கண்ணாடித் துண்டை இன்னும் அறுக்கவில்லையாயின், அதனைக் கூரை நன்றாய்க் காய்ந்தபின்னரே அறு. முன்னே அறுத்தால் ஒருபோதும் பொருந்தாது. வாளை இழுக்கும்போது மட்டும் அழுத்து, தள்ளும்போது தூக்கு. இல்லையேல் தூண் முறியும். அளவுகளை எமக்கு எழுதி அனுப்பு. பின்தூணின் சாய்வு எத்தனை பாகையென்று எமது மட்டை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க நாமும் ஆவலாயிருக்கிறோம்.